அலைக்கு நாலு டிக்கெட்

ஏரிக்கரை ஊரான எங்கள் ஹாமார் பக்கத்தில் ஹேகேயை முகம் பார்த்து அறிந்தவர்களைவிடக் குரல் கேட்டு அறிந்தவர்களே அதிகம். புதன்கிழமை மாலையானால் உள்ளூர் வானொலியில் பிங்கோ. கடையில் வாங்கி வந்த சீட்டைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு, அவள் வாசிக்கும் எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவோம். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே ஊர்வம்பு, ஏரியில் பனி உருகியதா இல்லையா, யார் வீட்டு நாய் யாரைத் துரத்தியது என்று அவள் வாய் ஓயாது. பரிசு விழுந்தவர் தொலைபேசியில் வந்தால் அவரையும் பேச விடமாட்டாள்.

அந்த வாய் ஒரு ஜனவரி காலையில் நின்றுபோனது. பல் துலக்கிக்கொண்டிருந்தவள் கணவன் ஸ்டைனாரிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். பிழைத்துக்கொண்டாள். கால் தேறியது, வலது கை பாதி தேறியது. சொற்கள் மட்டும் அடம் பிடித்தன. எல்லாம் உள்ளேதான் இருந்தன. எடுக்கப் போனால் பக்கத்தில் இருப்பது கைக்கு வந்தது. உப்பு வேண்டுமென்று நினைத்தால் சர்க்கரை என்றாள். இல்லை என்று நினைத்தால் வாய் ஆமாம் என்றது. அதனால் வீட்டில் எல்லோரும் அவள் கட்டைவிரலைப் பார்க்கப் பழகியிருந்தார்கள். விரல் மேலே நின்றால்தான் உண்மையான ஆமாம். ஓர் எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து அதில் நிற்க வேண்டும். வசைச்சொற்களுக்கு மட்டும் ஒரு கீறலும் விழவில்லை. அவை முழுசாக, சூடாக, கேட்காமலே வந்தன.

ஸ்டைனார் நல்லவன். வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் பதிப்பவன், அதிகம் பேசாதவன். மனைவி பேச்சை இழந்ததும் அவன் பேசக் கற்றுக்கொண்டான். கடையில், மருத்துவமனையில், பிள்ளைகளின் பள்ளியில், அவள் மூச்சை இழுத்து வாய் திறப்பதற்குள் அவள் வாக்கியத்தை அவன் முடித்துவிடுவான். பாதி நேரம் சரியாகத்தான் முடித்தான். மீதி நேரம் தான் கேட்காததை வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பினாள். கொஞ்ச நாளில் வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள்.

மறு வருடம் ஜூனில் பெர்கனுக்குப் போகலாம் என்று முடிவு செய்தவள் ஹேகேதான். வரைபடத்தில் மேற்குக் கரையில் விரலை வைத்து எடுக்காமலே நின்றாளாம். பதினேழு வயது மகன் சிண்ட்ரேக்கு விருப்பமில்லை. பத்து வயது மகள் மாரித்துக்கு ரயிலில் போவதே போதுமானதாக இருந்தது. நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து, பனி போர்த்திய மேட்டுநிலத்தைத் தாண்டி, மாலையில் மழைக்குள் போய் இறங்கினார்கள்.

மறுநாள் காலை விடுதியின் சாப்பாட்டு அறையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஸ்டைனார் மதியத்துக்காக விடுதிச் சாப்பாட்டிலிருந்தே இரண்டு துண்டு ரொட்டியை எடுத்து, நடுவே பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்து, யாரும் பார்க்காத நேரம் பார்த்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். பணிப்பெண் வந்தாள்.

"காபியா, டீயா?" என்று ஹேகேயைப் பார்த்துக் கேட்டாள்.

"அவளுக்குக் காபி. பால் வேண்டாம்" என்றான் ஸ்டைனார், காகிதத்தை மடியில் மறைத்துக்கொண்டே.

"டீ" என்றாள் ஹேகே.

"நீ காபிதானே குடிப்பே? வார்த்தை மாறிடுச்சும்மா" என்று பணிப்பெண்ணிடம் சிரித்தான்.

"டீ!" ஹேகேயின் கரண்டி தட்டில் விழுந்தது. "சனியன் பிடிச்ச டீ!"

பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. மாரித்துக்குப் பால் மூக்கில் ஏறியது. பணிப்பெண் ஓடிப்போய் டீ கொண்டுவந்தாள்.

ஹேகே ஒரு வாய் குடித்துவிட்டு மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். "இன்னிக்கு... நான்" என்றாள். பிறகு உதட்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, "நீங்க... இது" என்றாள்.

"இன்னிக்குப் பூரா நீ மட்டும்தான் பேசப் போறியா?" என்று கேட்டாள் மாரித்.

கட்டைவிரல் மேலே.

"கடையில?"

"நான்."

"டிக்கெட் எடுக்கற இடத்துல?"

"நான்."

"அப்போ சாயங்காலம் வரைக்கும் ஒரு டிக்கெட் கவுன்ட்டர்லயே நிப்போம்" என்றான் சிண்ட்ரே, தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு. "மலையும் பார்க்க மாட்டோம், ஒரு மண்ணும் பார்க்க மாட்டோம்."

"டேய்" என்றான் ஸ்டைனார்.

"விடு" என்றாள் ஹேகே. அந்த ஒரு சொல் சுத்தமாக வந்தது. மகனைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, "பார்... ப்போம்" என்றாள்.

வெளியே மழை நின்றும் நிற்காமலும் இருந்தது. அந்த ஊரில் அதை யாரும் மழை என்று கணக்கில் எடுப்பதில்லை. மேலே, மரவீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும் சரிவு. அதற்கு மேலே மலையின் தலை மேகத்துக்குள். இரும்புக் கம்பியால் இழுத்து மலை உச்சிக்கு ஏற்றும் ரயிலில் ஏறி, ஊரையும் கடலையும் மேலிருந்து பார்ப்பது என்பதுதான் திட்டம். துறைமுகத்தில் எல்லாப் பயணங்களுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்கடை ஒன்று இருந்தது. வழி நெடுக ஹேகே "மலை, மலை, மலை" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கூண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் மீன் கடைகளின் கூடாரத்தடியில் குடும்பத்தை நிறுத்திவிட்டு, "இங்க" என்று தரையைக் காட்டிவிட்டுத் தனியே போனாள்.

ஸ்டைனார் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். "பக்கத்துல போய் நிக்கட்டுமா? பேச மாட்டேன். சும்மா நிப்பேன்."

"நீ சும்மா நின்னு நான் பார்த்ததே இல்லப்பா" என்றாள் மாரித்.

கூண்டுக்குள் இருந்த இளைஞன் ஹேகேயைப் பார்த்துப் புன்னகை செய்தான். ஹேகே வாய் திறந்தாள். வழி முழுக்கக் கூடவே வந்த சொல் அந்த நொடியில் கையை உதறிவிட்டு ஓடியது. அதன் இடத்தில் அதன் சாயலில் இன்னொன்று வந்து நின்றது.

"அலைக்கு" என்றாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு டிக்கெட்."

"அலைக்கா?" அவன் யோசித்தான். "ஓ, படகா? ஃபியோர்டுக்கு, பாறைக்கு நடுவுல கடல் நுழையற இடத்துக்குப் போற படகா?"

இல்லை என்று நினைத்தாள். "ஆமா" என்றாள். அவன் கட்டைவிரலைப் பார்க்கத் தெரியாதவன். இயந்திரம் நாலு டிக்கெட்டை நீட்டியது. "இப்பவே கிளம்பிடும், சீக்கிரம் போங்க" என்று அன்பாகக் கை காட்டினான். பின்னால் வரிசை நகர்ந்து அவளைப் பக்கவாட்டில் தள்ளியது.

டிக்கெட்டில் படகுப் படம் போட்டிருந்தது. கூடாரத்தடிக்கு வந்ததும் ஸ்டைனார் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, பரிவு இருந்தது. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கொடு, நான் போய் மாத்திட்டு வரேன். ஒரு நிமிஷ வேலை."

டிக்கெட்டைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். "படகு."

"நீ மலைதானே கேட்டே?"

"நான்... படகு கேட்டேன்" என்றாள் ஹேகே. முழு வாக்கியம், பிசிறில்லாமல்.

எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். ஸ்டைனாருக்குப் படகு என்றால் எமன் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஏரியில் கோடையில் ஓடும் பழைய நீராவிப் படகில் ஏறினாலே அவனுக்கு வயிற்றைப் புரட்டும்; அந்த ஏரியில் அலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. அவன் துறைமுகத்தைப் பார்த்தான். தண்ணீரின் மேல் வெள்ளை நுரை ஓடிக்கொண்டிருந்தது.

"நானும் மாரித்தும் இங்கயே இருக்கோமே" என்று தணிந்த குரலில் பேசிப் பார்த்தான்.

"அய்யோ, நான் போவேன்!" என்றாள் மாரித்.

ஹேகே ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள். சிண்ட்ரே முதல் முறையாகச் சிரித்தான். "வாப்பா. அம்மா கேட்டு வாங்கின படகு."

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததுமே படகு மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஸ்டைனார் உட்கார்ந்த இடத்தில் கல்லாக இருந்தான், பிறகு முகம் வெளுத்தான், பிறகு பணியாள் கொடுத்த காகிதப் பைக்குள் தலையை விட்டவன் வெளியே எடுக்கவில்லை. காலையில் திருட்டுத்தனமாகக் கட்டிய ரொட்டியை யாரும் தொடவில்லை. ஹேகே தன் நல்ல கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது, இறங்கவும் முடியாது.

அப்போதுதான் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்மணி நடைவழியில் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வந்து, அவர்கள் முன்னால் நின்றாள்.

"ஹேகே! ஹேகேதானே? அட, என்னைத் தெரியலையா? யோருன்! பிங்கோவுல ரெண்டு தடவை ஜெயிச்சேனே! நீகூட என்னைப் பேசவே விடல!" கலகலவென்று சிரித்தாள். "எங்க போயிட்டே நீ? இப்ப ஒருத்தன் வாசிக்கறான், சாவு வீட்டுல வாசிக்கற மாதிரி. எப்பத் திரும்பி வரே?"

ஒன்றரை வருடமாக ஹேகே தப்பித்து வந்த கேள்வி அது. கடையில் தெரிந்த முகம் கண்டால் வேறு வழியில் திரும்பிவிடுவாள். வீட்டுக்கு யாராவது வந்தால் ஸ்டைனார் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவான். இப்போது ஸ்டைனாரின் வாய் காகிதப் பைக்குள் இருந்தது.

சிண்ட்ரே எழுந்தான். அவன் காது சிவந்திருந்தது. "அம்மாவுக்கு வந்து..."

ஹேகே அவன் நெஞ்சில் கை வைத்து உட்கார வைத்தாள்.

"மூளை" என்றாள். நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "ரத்தம்... நின்னுது. வார்த்தை... ஓடிப்போச்சு." மூச்சு வாங்கினாள். படகு எகிறி இறங்கியது. "பிடிக்கறேன். ஒண்ணு... ஒண்ணா."

யோருனின் முகத்திலிருந்து சிரிப்பு வழிந்து இறங்கியது. "அய்யோ பாவமே" என்றாள். பிறகு குனிந்து, காது கேளாதவர்களிடம் பேசுவது போல உரக்க, ஒவ்வொரு சொல்லாக, "ரொம்ப — கஷ்டமா — இருக்கா?" என்றாள்.

"காது... இருக்கு" என்றாள் ஹேகே.

யோருன் தடுமாறிப் போய் சிண்ட்ரேயிடம் திரும்பினாள். "தம்பி, நான் காபி வாங்கப் போறேன். அம்மா குடிப்பாங்களா?"

சிண்ட்ரே அம்மாவைப் பார்த்தான். அவனுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. ஹேகேயின் வாயிலிருந்து, எங்கள் பக்கத்துக் குதிரைக்காரர்கள்கூடச் சபையில் சொல்லத் தயங்கும் ஒரு முழு வாக்கியம், திக்காமல் திணறாமல், பழைய வானொலிக் குரலில் வந்தது. சனியன் முதல் நரகம் வரை அதில் எல்லாம் இருந்தது. கடைசியில், "என்னைக் கேளு!" என்று முடிந்தது.

காகிதப் பைக்குள்ளிருந்து ஸ்டைனார் ஒரு மாதிரி முனகினான். சிரிப்பா வாந்தியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யோருன் சிவந்து போய், திரும்பி, விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

"அம்மா, அந்த ஆன்ட்டி அழுதுடுவாங்க போல" என்றாள் மாரித்.

ஹேகே ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்துகொண்டிருந்தன; பாறையின் மேலிருந்து அருவிகள் நூல் நூலாக இறங்கின. எல்லோரும் படம் எடுத்தார்கள். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணைத் துடைப்பதையும் மறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து யோருன் திரும்பி வந்தாள். இரண்டு கைகளிலும் இரண்டு கோப்பைகள். பாதி வழியிலேயே சிந்தியிருந்தன.

"ஒண்ணு காபி, ஒண்ணு டீ" என்றாள் விறைப்பாக. "எது வேணும்?"

ஹேகே நெடுநேரம் இரண்டையும் பார்த்தாள். பிறகு காபிக் கோப்பையை விரலால் தொட்டு, "காபி" என்றாள். காலையில் டீக்காகச் சண்டை போட்டவள்.

யோருன் எதிரே உட்கார்ந்தாள். "எனக்குப் பேசாம இருக்கத் தெரியாது. அது என் வியாதி. ஆனா இந்தப் படகு திரும்பற வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல. என் வீட்டுக்காரர் முன்னால நின்னு ஒவ்வொரு பாறையையும் படம் எடுத்துக்கிட்டிருக்கார். நீ சொல்லு. எவ்வளவு நேரமானாலும் சரி."

ஹேகே சொன்னாள். திரும்பும் வழி முழுக்கச் சொன்னாள். யோருன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவளைத் தெரிந்த எங்களுக்குத்தான் தெரியும். மருத்துவமனையில் 'நாற்காலி' என்பதற்குப் பதில் 'நாய்க்குட்டி' என்று கேட்டு, செவிலி திகைத்து நின்ற கதைக்கு வந்தபோது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தக் கதையை சிண்ட்ரே அதற்கு முன் கேட்டதில்லை. அம்மாவிடம் இன்னும் கதைகள் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

கரையில் இறங்கியதும் ஸ்டைனார் படகைக் கயிற்றால் பிணைக்கும் இரும்புக் குற்றியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு ஒரு 'தப்பாப் போச்சு'ன்னு சொல்ல வராதா? நான் செத்திருப்பேன்" என்றான்.

"மன்னி... மன்னி..." சொல் வழியில் நின்றது. ஸ்டைனார் வாய் திறந்தான். ஹேகே அவன் வாயையே பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான். "மன்னிச்சுடு" என்று முடித்தாள் ஹேகே. பிறகு மலைப் பக்கம் கை காட்டினாள். "இப்ப... மேல."

"இன்னிக்கேவா?"

கட்டைவிரல் மேலே.

பிற்பகல் சாய்ந்தும் வெளிச்சம் குறையவில்லை. அந்த மாதத்தில் அங்கே இரவு வரைக்கும் குறையாது. கூண்டில் இப்போது வேறொரு பெண் இருந்தாள். ஒரு பெரிய கப்பல் வந்து ஊருக்குள் ஆட்களைக் கொட்டியிருந்ததால் வரிசை நீண்டிருந்தது. இந்த முறை ஹேகே யாரையும் கூடாரத்தடியில் நிறுத்தவில்லை. நால்வரும் வரிசையில் நின்றார்கள். முறை வந்தது.

"சொல்லுங்க" என்றாள் பெண்.

ஹேகே வாய் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடினாள். திறந்தாள். பின்னால் யாரோ செருமினார்கள். குடைகள் உரசின. "என்னதான் பிரச்சனையாம்?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது.

ஸ்டைனார் ஓரடி முன்னால் வைத்தான். காலம் பழக்கிய கால் அது. மாரித் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் நின்றான். ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, மனைவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வரிசையைப் பார்த்து நின்றான். இன்னும் வெளுத்துப்போன முகம். ஆனால் ஆள் பெரிய ஆள்.

"கொஞ்ச நேரமாகும்" என்றான். "அவ பேசிக்கிட்டிருக்கா."

"எங்களுக்கும் வேலை இருக்குங்க" என்றது அந்தக் குரல்.

"மலை எங்கயும் ஓடிடாது" என்றான் ஸ்டைனார். சிண்ட்ரே வந்து அப்பாவின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவர்களுடைய முதுகுகளுக்குப் பின்னால் ஹேகே கண்ணை மூடினாள். சொல்லைத் துரத்தினால் ஓடும் என்று பேச்சுப் பயிற்சி தருபவள் சொல்லியிருந்தாள். ஹேகே துரத்தவில்லை, சுற்றிக்கொண்டு போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்து, கையைச் சரிவாக உயர்த்தி, "ரயில்" என்றாள். "உயரம். கல்லு. மேகம் வரைக்கும்." பிறகு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு பேர்."

"மலை ரயில், நாலு பேர்" என்றாள் பெண். "படகு இல்லையே?"

"படகு... வேண்டவே வேண்டாம்" என்றாள் ஹேகே. ஸ்டைனாரின் தோள்கள் குலுங்கின.

மேலே ஒன்றும் தெரியவில்லை. ரயில் பாதி வழியிலேயே மேகத்துக்குள் நுழைந்துவிட்டது. உச்சியில் கைப்பிடிச் சுவர் வரை போனார்கள். அதற்கு அப்பால் வெள்ளை. மாரித் கையை நீட்டித் தன் விரல்களைப் பார்த்தாள். "ஊர் எங்கே?"

"கீழ இருக்கு. நம்பு" என்றான் சிண்ட்ரே.

ஈர ரொட்டியை அங்கேதான் பிரித்துச் சாப்பிட்டார்கள். மேகம் நகரவில்லை. குளிர் ஏறியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக அடுத்த ரயிலுக்குப் போனார்கள்.

"இறங்கலாமா?" என்று கேட்டான் ஸ்டைனார். கேட்டுவிட்டு அவன் காத்திருந்தான். மழை அவன் புருவத்திலிருந்து சொட்டியது. துடைக்காமல் காத்திருந்தான்.

"நாளைக்கு" என்றாள் ஹேகே கடைசியில். "மறுபடி."

மறுநாளும் போனார்கள். மறுநாளும் மேகம். டிக்கெட்டை அவள்தான் எடுத்தாள். அன்று அதற்கு எடுத்த நேரம் குறைவில்லை, கொஞ்சம் அதிகம்தான். கடலையும் ஊரையும் மேலிருந்து பார்க்காமலே ஹாமாருக்கு ரயில் ஏறினார்கள்.

பிங்கோவுக்கு அவள் திரும்பவில்லை. எண்ணிக்கொண்டு வந்து எண்ணைச் சொல்பவளை வைத்து அந்த ஆட்டத்தை நடத்த முடியாது. அதை முதலில் சொன்னவளும் அவள்தான். சாவு வீட்டுக் குரல்காரன்தான் இன்னும் வாசிக்கிறான். ஆனால் சனிக்கிழமை காலையில் ஹேகே கூட்டுறவுக் கடைக்குத் தனியே வருகிறாள். இறைச்சிப் பகுதியில் நின்று தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள். சில நாள் சட்டென்று கிடைக்கிறது, சில நாள் பன்றி என்பதற்குப் பதில் பாதிரியாரைக் கேட்கிறாள். பின்னால் நிற்பவர்களில் சிலர் பெருமூச்சு விட்டு வேறு வரிசைக்கு மாறிப்போகிறார்கள். அவள் அதைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.